பனிக்கட்டி வியாபாரி மிஸ்டர் ஃப்ரீஸ்: வில்லனை வேறொரு காலத்தில் வைத்துச் செய்வது

வெற்று வினைல் பொம்மை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது வண்ணக் குப்பியை. இந்த அத்தியாயத்தில் வண்ணம் பாதிக்குமேல் போன பிறகுதான் வரும். ஜோக்கரை ஜோக்கராகவே செய்வதென்றால் படத்தை எதிரே வைத்துப் பார்த்துப் பூசிவிடலாம். எந்தக் கதையிலும் இதுவரை வராத ஒரு ஜோக்கரைச் செய்வதென்றால் பார்த்துப் பூச எதுவும் கிடையாது. அங்கே பெரிய வேலை, எதைத் தொடக் கூடாது என்று முடிவுசெய்வது. அந்த முடிவை எடுக்காமல் புட்டி பிசைய உட்கார்ந்தால் கடைசியில் கிடைப்பது வேஷம் கட்டிய பொம்மைதான். அதற்குள் வில்லன் இருக்க மாட்டான்.

காமிக்ஸ் எழுதுபவர்களும் வரைபவர்களும் இந்தப் பயிற்சியை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். மார்வெல் 1977-ல் தொடங்கிய 'வாட் இஃப்' வரிசை முழுக்க, இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விதான். டிசி 1989-ல் வெளியிட்ட 'காத்தம் பை கேஸ்லைட்' பேட்மேனை 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு அனுப்பியது. 2003-ல் நீல் கெய்மன் எழுதிய 'மார்வெல் 1602' கதையில் வில்லன் டாக்டர் டூம், கவுண்ட் ஆட்டோ ஃபான் டூம் என்ற பிரபுவாக வருகிறான். இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2011-ல் வந்த 'ஃப்ளாஷ்பாயின்ட்'. அந்த உலகில், வழக்கமான கதையில் உயிர் தப்பும் சிறுவன் புரூஸ் வேய்ன் சுடப்பட்டு இறந்துபோகிறான். அப்பா தாமஸ் பேட்மேன் ஆகிறார். அம்மா மார்த்தா ஜோக்கர் ஆகிறாள். ஆள் வேறு, காரணம் வேறு. ஆனால் பேட்மேனும் ஜோக்கரும் ஒரே காயத்திலிருந்து கிளைத்தவர்கள் என்ற உணர்வு மட்டும் முன்பைவிட அழுத்தமாக நிற்கிறது. தொடாமல் விட்டது அது ஒன்றைத்தான். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற துணிச்சல் அதனால்தான் வந்தது.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸ்.

அவனுடைய வரலாறே நமக்குப் பாடம். 1959-ல் 'பேட்மேன்' 121-ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்தபோது அவன் பனித் துப்பாக்கி வைத்திருந்த சாதாரணக் கொள்ளைக்காரன். 1966-ல் தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்று பெயர் மாற்றியது. 1992-ல் பேட்மேன் அனிமேஷன் தொடரின் 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' பகுதியில் பால் டினி எழுத, புரூஸ் டிம் இயக்க, அவனுக்கு ஒரு மனைவி கிடைத்தாள். தீராத நோயில் கிடக்கும் நோராவை மருந்து கண்டுபிடிக்கும்வரை உறைநிலையில் வைத்துக் காக்கிறான் விக்டர் ஃப்ரைஸ் (அதுதான் ஃப்ரீஸின் இயற்பெயர்). அந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கும் விபத்தில் அவன் உடல், குளிரைத் தவிர வேறெதிலும் உயிர்வாழ முடியாததாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வந்த மிஸ்டர் ஃப்ரீஸ்களில் பெரும்பாலோர் நோராவின் கணவர்கள்தான். அந்தத் தொடருக்காக அவன் உருவத்தை வரைந்தவர் மைக் மிக்னோலா. 'காத்தம் பை கேஸ்லைட்' புத்தகத்துக்குப் படம் வரைந்தவரும் அவரேதான். அதனால் மிஸ்டர் ஃப்ரீஸை 19-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவது அந்நியமான யோசனை இல்லை.

ஆகவே தொடக் கூடாதவை மூன்று: குளிரில்லாமல் வாழ முடியாத உடல், அந்த உடலை மூடும் கண்ணாடிக் கவசம், பனிக்குள் இருக்கும் மனைவி. உலோகக் கவச உடை, சிவப்புக் கண்ணாடி, துப்பாக்கி, நீல வெளிச்சம் எல்லாம் மாறலாம்.

குளிர்சாதனம் இல்லாத காலத்தில் குளிர் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள். பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டியூடர் 1806-ல் மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பி வியாபாரத்தைத் தொடங்கினார். நத்தானியேல் வையத் என்பவர், குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவியால் உறைந்த ஏரியைச் சதுரச் சதுரமாக அறுக்க வழி கண்டார். 1833-ல் டஸ்கனி என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நான்கு மாதம் கடலில் கிடந்து, கல்கத்தா சேர்ந்தபோது ஏறக்குறைய 100 டன் மீதமிருந்தது. உருகாமல் காத்தது மரத்தூள். மதராஸுக்கும் அந்தப் பனிக்கட்டி வந்தது. கடற்கரையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அந்த வட்டாரத்துக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

இப்போது நம் வில்லன் தானாகவே உருவாகிறான். 1840-களின் பாஸ்டன். பனிக்கட்டிக் கம்பெனியின் பொறியாளன் விக்டர் ஃப்ரைஸ். நோயாளி மனைவியைப் பனிக்கட்டிக்குள் வைத்திருக்கிறான். ஏரி உறைவது குளிர்காலத்தில் மட்டும். பனி இருக்கும் கிடங்கைத் தேடித் தேடி அவன் இடம்பெயர வேண்டும், மற்றவர்களின் பனியைத் திருட வேண்டும். அவன் கவசம், அகஸ்டஸ் சீப என்பவர் 1830-களில் உருவாக்கிய ஆழ்கடல் முக்குளிப்போர் உடை. தாமிரத் தலைக்கவசம், அதில் வட்டக் கண்ணாடி ஜன்னல்கள், தடித்த கான்வாஸ் உடுப்பு. கடல்நீரை வெளியே நிறுத்தச் செய்த உடை, இங்கே குளிரை உள்ளே நிறுத்துகிறது. ஆயுதம்? உப்பு. பனித்தூளையும் உப்பையும் சரியான அளவில் கலந்தால் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். முதுகில் உப்பு நீர்ப் பீப்பாய், கையில் பித்தளைப் பம்பு. அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் அவனிடம் இல்லை. அதுதான் அவனை நம்பவைக்கும்.

இதை ஒரு பக்கத்துக்குள் எழுதி, முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று மூன்று கோட்டோவியங்கள் போட்டுக்கொள்ளுங்கள். படம் அழகாக வர வேண்டிய அவசியம் இல்லை. முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். வெளிக்கோட்டை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் தெரிந்தால் போதும்.

எந்த பொம்மை

வினைல் பொம்மையைக் கலைப்பொருளாகப் பார்க்கும் பழக்கம் 1990-களின் கடைசியில் ஹாங்காங்கிலும் ஜப்பானிலும் தொடங்கியது. ஹாங்காங் ஓவியர் மைக்கேல் லாவின் 'கார்டனர்' உருவங்கள் 1999-ல் காட்சிக்கு வந்து பலரை இந்தப் பக்கம் திருப்பின. 2002-ல் பால் பட்னிட்ஸ் தொடங்கிய கிட்ரோபாட் நிறுவனத்தின் 'மன்னி', நாமே வண்ணம் தீட்டிக்கொள்ளவென்றே வெள்ளையாக வரும் பொம்மை. 7 அங்குல உயரம், உருண்டைத் தலை, காதுகள், முகம் கிடையாது. 2010-ல் தொடங்கிய ஃபன்கோ பாப் வரிசை இதைவிடச் சிறியது, ஏறக்குறைய 3¾ அங்குலம். பழைய பாப் மலிவாகக் கிடைக்கும், முதன்முதலில் செய்பவர்களுக்கு அது போதும். ஆனால் அதன் பொத்தான் கண்கள் பிடிவாதமானவை. எந்த வில்லனும் அதில் கொஞ்சம் குழந்தையாகிவிடுவான்.

நமக்கு மன்னி. காரணம் அதன் தலை. உள்ளே காலியான, பெரிய உருண்டை. அதற்கு மேல் கவசம் செய்து மாட்ட வேண்டியதில்லை, அந்தத் தலையே தாமிரக் கவசம். காதுகள் இருக்கும் இடத்தில் பக்கவாட்டு ஜன்னல்கள் வரும். முன்பக்கத்தை வட்டமாக வெட்டித் திறந்து, உள்ளே வேறொரு சிறிய முகத்தை உட்கார வைத்தால், கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்ட மனிதன் கிடைத்துவிடுகிறான். பொம்மையின் உடலமைப்பைக் கதைக்குப் பயன்படுத்துவது என்று நான் சொல்வது இதைத்தான். வில்லனைத் தேர்ந்த பிறகு பொம்மையைத் தேர்வதும், பொம்மையைப் பார்த்த பிறகு வில்லனைத் திருத்துவதும் மாறி மாறி நடக்க வேண்டும்.

வெட்டுவதும் சேர்ப்பதும்

அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை தொழிற்சாலையிலிருந்தே பொம்மைமேல் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்கு விடாமல் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். அதன் பிறகு விரல் படும் இடமெல்லாம் திரும்பவும் எண்ணெய்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியை அருகிலேயே வைத்திருங்கள். நகப்பூச்சு நீக்கி, தின்னர் இரண்டும் வேண்டாம். அவற்றில் உள்ள அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் வினைலை ஊறவைத்து இளக்கிவிடும். பிசுபிசுப்பு பிறகு போகாது.

தலையைக் கழற்ற, கழுத்துப் பகுதியை ஹேர் டிரையரால் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். அல்லது கொதித்து அடுப்பை விட்டு இறக்கிய நீரில் சில நிமிடம் வையுங்கள். வினைல் இளகியதும் தலையை மெல்லச் சுழற்றி இழுத்தால் கழுத்து முளை வெளியே வரும். வராவிட்டால் இன்னும் சூடு வேண்டும் என்று பொருள். பலம் போட்டால் முளை அறுந்துபோகும்.

முன் ஜன்னலுக்கு வட்டம் குறியுங்கள். முகத்தின் நடுவில் வேண்டாம், நடுவுக்கு ஒரு விரற்கடை கீழே. கீழே இறங்கிய ஜன்னலால் மேலே பெரிய தாமிர நெற்றி கிடைக்கும், அவன் குனிந்து பார்ப்பதுபோல் இருக்கும். வாயும் புருவமும் அசையாத பொம்மையில் மனநிலையைக் காட்ட இதுபோன்ற இடமாற்றங்கள்தான் நமக்கு இருக்கும் வழி. புதிய பிளேடு போட்ட கட்டரால் குறிக்கு 2 மில்லிமீட்டர் உள்ளே வெட்டி, மீதியை 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துக் குறிக்குக் கொண்டுவாருங்கள். வெட்டும் இடத்தை அவ்வப்போது சூடேற்றினால் கத்தி வெண்ணெய்போல இறங்கும். சூடு ஆறியதும் நிறுத்திவிடுங்கள், ஆறிய வினைலில்தான் கத்தி வழுக்கிக் கையைக் கிழிக்கும். உப்புத்தாளை எப்போதும் நீரில் நனைத்தே தேயுங்கள். வினைல் தூள் நுரையீரலுக்குள் போக வேண்டிய பொருள் இல்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் என்-95 முகக்கவசம் கட்டாயம்.

காதுகளை அடியோடு அறுத்துவிடுங்கள். அந்தத் தழும்பின் மேலேயே ஜன்னல் வளையம் வருவதால் வழவழப்பாக்கப் பாடுபட வேண்டாம்.

சேர்ப்பதற்கு இரண்டு பகுதி எபாக்சி புட்டி. வெளிநாட்டுப் புத்தகங்கள் அபாக்சி ஸ்கல்ப்ட், மில்லிபுட் என்று எழுதும். இவை மெதுவாக இறுகுவதால் நிதானமாக வேலை செய்யலாம். வளையம், ரிவெட், பட்டை போன்றவற்றுக்கு நம் ஊர் வன்பொருள் கடையில் கிடைக்கும் எம்-சீல் நன்றாகவே உழைக்கும். ஆனால் அது வேகமாக இறுகும். ஒரு தடவைக்கு நெல்லிக்காய் அளவு மட்டும் பிசையுங்கள், இரண்டு நிறமும் கலந்து ஒரே நிறமாகும்வரை. கையுறை போடாமல் எபாக்சியைத் தொட வேண்டாம். அதன் ஒவ்வாமை ஒரு நாளில் வருவதில்லை, தொடர்ந்து தொட்டவர்களுக்கு ஒருநாள் வந்து பிறகு போவதே இல்லை.

வழவழப்பான வினைலில் புட்டி பிடிக்காது. ஒட்டப்போகும் இடத்தைக் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். பீப்பாய்போல எடை தாங்க வேண்டிய பகுதிக்கு, முதுகில் இரண்டு சிறு துளை போட்டுக் கம்பி செருகி, அந்தக் கம்பிமேல் புட்டி ஏற்றுங்கள். பீப்பாயின் உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி வைத்தால் எடையும் புட்டியும் குறையும். ஓவனில் சுடும் பாலிமர் களிமண் பிடிக்கும் என்பவர்கள் அதைத் தனியே செய்து, தனியே சுட்டு, பிறகு ஒட்டட்டும். பொம்மையோடு சேர்த்து ஓவனில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வினைல் வளையும், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து வடிவத்தை உப்பவைக்கும். சூடு மிஞ்சினால் வினைலிலிருந்து, அதாவது பிவிசியிலிருந்து, கிளம்பும் அமிலவாயு கேடு தரும்.

மூட்டுகளை மறந்துவிடாதீர்கள். கழுத்து வளையத்துக்கும் மார்புக் கவசத்துக்கும் இடையே 2 மில்லிமீட்டர் வெளி விட வேண்டும். தோளிலும் அப்படியே. வண்ணத்துக்கும் வார்னிஷுக்கும் தடிமன் உண்டு. வெறும் பொம்மையில் நன்றாகச் சுழன்ற தலை, பூசி முடித்ததும் உரசி, கழுத்தைச் சுற்றி வெள்ளை வினைலைக் காட்டிவிடும். நன்றாகச் செய்த பொம்மைகள் கெட்டுப்போவதைப் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். தலை அசைய வேண்டிய தேவையே இல்லையென்று தோன்றினால், ஒட்டி நிறுத்திவிடுங்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

உள்ளே இருக்கும் முகம்

இந்த பொம்மையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சிறு அலுமினியத் தாள் உருண்டைமேல் புட்டி போர்த்தி முகம் செய்யுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் வரப்போவது கண், மூக்கு, கன்னம், வாய் மட்டும். காது, உச்சந்தலை எதுவும் தெரியாது, செய்ய வேண்டாம். மிஸ்டர் ஃப்ரீஸ் முகத்தில் கோபத்தைப் போடுவது எளிது, ஆனால் பொருந்தாது. 1992-ன் ஃப்ரீஸைப் பாருங்கள், உணர்ச்சி எல்லாம் உறைந்துபோனவன் அவன். புருவ எலும்பை வலுவாகச் செய்து, புருவத்தின் உள்முனையைக் கீழே இறக்காமல் நேராக விடுங்கள். கீழிமையைச் சற்றே தூக்குங்கள். வாயை ஒரே நேர்க்கோடாக விடுங்கள். கன்னத்தில் கட்டைவிரலால் ஒரு குழி. இவ்வளவு போதும். வெகுநாள் தூங்காத மனிதனின் முகம் வந்துவிடும்.

புட்டி ஒரு நாள் முழுக்க இறுகிய பிறகு, முகத்தை வெளியிலேயே வைத்து வண்ணம் தீட்டி முடித்துவிடுங்கள். உள்ளே போன பிறகு தூரிகை எட்டாது. தோலுக்கு வெள்ளையில் மிகக் கொஞ்சம் நீலம், அதைவிடக் கொஞ்சமாகக் கரும்பழுப்பு. பழுப்பு சேராவிட்டால் அது சாயம் பூசிய பிளாஸ்டிக்காகவே இருக்கும், உடம்பாகாது. கண்குழிக்கும் கன்னக்குழிக்கும் கறுப்பு வேண்டாம், நீர்த்த கத்தரிப்பூ நிறம் பூசுங்கள். சிவப்புக் கண்ணாடியை இந்தக் காலத்துக்கு ஏற்க முடியாது. அதன் இடத்தில் இமை விளிம்புகளை மட்டும் மெல்லிய சிவப்பால் தீட்டுங்கள். பார்த்தவர்கள் பழைய ஃப்ரீஸை அடையாளம் காண்பதற்கு அந்தச் சிவப்பே போதும்.

முகத்தைக் கழுத்துத் துளை வழியாக உள்ளே விட்டு, ஜன்னலிலிருந்து சற்று உள்வாங்கி நிற்குமாறு புட்டியால் நிறுத்துங்கள். துளைக்குள் நுழையும் அளவிலேயே முகத்தைச் செய்ய வேண்டும் என்பதை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். கண்ணாடிக்கு, பொருள்கள் அடைத்து வரும் குவிந்த தெளிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து வட்டமாக வெட்டியெடுக்கலாம். அதை ஒட்ட ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். பனி மூட்டம்தானே வேண்டும் என்று நினைக்கலாம். ஆனால் அந்த வெண்மை எங்கே படியும் என்று யாரும் கட்டுப்படுத்த முடியாது, பெரும்பாலும் கண்ணுக்கு நேரே படியும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை காய்ந்தால் தெளிவாகும், அதுவே போதும். கண்ணாடியின் கீழ் விளிம்பில் மட்டும், உள்பக்கமாக, வெள்ளை வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி மூச்சுப் படிந்த அடையாளம் வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிறகு உண்மையாகவே மூட்டம் போடும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள்.

ஜன்னல்களைச் சுற்றிப் புட்டி வளையம், வளையத்தில் ரிவெட்டுகள். தையல் பொருள் கடையில் கிடைக்கும் பாதி மணிகள் அளவு மாறாமல் வரும். பக்க ஜன்னல்களுக்கு மெல்லிய பித்தளைக் கம்பியால் குறுக்குக் கம்பி போடுங்கள்.

வண்ணம்

வினைலுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் மட்டுமே. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள சேர்மானம் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். எனாமல் வண்ணத்தோடு அது சேர்ந்தால் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும், காயவே காயாது. பல ஸ்ப்ரே டப்பாக்களும் இப்படித்தான். ஏதாவது ஒரு ஸ்ப்ரேயைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், பாதத்தின் அடியில் அடித்து ஒரு வாரம் வைத்து விரலால் தொட்டுப் பாருங்கள். ப்ரைமராக ஏர்பிரஷ் வழியாக அடிக்கும் பாலியூரித்தேன் ப்ரைமர் சிறந்தது. ஏர்பிரஷ் இல்லையென்றால் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை நீர்த்து, அகலத் தூரிகையால் இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒரே தடித்த பூச்சு எப்போதும் உரிந்தே வரும்.

நிறத் திட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். கடைகளில் கிடைக்கும் மிஸ்டர் ஃப்ரீஸ் தலையிலிருந்து கால்வரை நீலம். நம்முடையதில் நீலம் இரண்டே இடங்களில்: அவன் முகத்திலும், நோரா இருக்கும் பனிக்கட்டியிலும். மற்றதெல்லாம் தாமிரம், பித்தளை, கான்வாஸ், மரம், தோல் என்று சூடான நிறங்கள். அந்த இரண்டு நீலங்களும் ஒன்றையொன்று தேடும். கணவன் மனைவி என்று எழுதிவைக்காமலேயே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

தாமிரத்தை நேரடியாக வெள்ளைமேல் பூசாதீர்கள், பொம்மைக் காசுபோல் இருக்கும். முதலில் கறுப்புக் கலந்த கரும்பழுப்பை முழுக்கப் பூசுங்கள். காய்ந்ததும் தாமிர வண்ணத்தைக் கடற்பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி ஏற்றுங்கள். அடியில் உள்ள பழுப்பு ஆங்காங்கே தெரியட்டும். வளையங்களின் விளிம்பிலும் ரிவெட்டுகளின் தலையிலும் கை பட்டுத் தேய்ந்த பளபளப்புக்குத் தாமிரத்தோடு கொஞ்சம் வெள்ளி சேருங்கள். பிறகு களிம்பு. வெள்ளையும் பச்சையும் துளி நீலமும் சேர்த்துப் பால்போல் நீர்த்து, ரிவெட்டுகளின் அடியில் வைத்து, ஈரம் காயும் முன் கீழ்நோக்கி இழுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். உப்பு நீர் தெறிக்கும் பம்பின் பக்கமும், வலது தோளும், மார்புக் கவசத்தின் கீழ் விளிம்பும் அதிகமாகக் களிம்பேறியிருக்க வேண்டும். ஒவ்வொரு கறைக்கும் அது ஏன் அங்கே வந்தது என்ற காரணம் உங்களிடம் இருக்கட்டும். காரணமில்லாத அழுக்கு வெறும் அழுக்காகவே தெரியும்.

கான்வாஸ் உடுப்புக்கு மங்கிய மணல் நிறம். முழங்காலும் முழங்கையும் ஒரு நிழல் கறுத்து. தொடைக்குக் கீழே, ஏறக்குறையக் காய்ந்த தூரிகையால் வெள்ளை உப்புப் பூத்த கோடுகள்.

மூடுவதற்குத் தண்ணீர் வகை மேட் வார்னிஷ், மெல்லியதாக இரண்டு பூச்சு. தாமிரத்தின் மேல் மட்டும் பாதிப் பளபளப்பு, ஜன்னலுக்கு எதுவும் வேண்டாம். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெண்படலம் பூத்து முழு வேலையையும் மூடிவிடும். வெயிலடிக்கும் நாளின் முற்பகல்வரை காத்திருங்கள்.

நோரா

அவள் இல்லாவிட்டால் இது முக்குளிப்பவர் பொம்மை. ஒரு தெளிவான கட்டி, அதற்குள் ஒரு பெண்ணுருவின் சாயல். மெழுகுவத்தி அளவுள்ள உருவைப் புட்டியில் செய்யுங்கள். முகம் தெளிவாகத் தெரிய வேண்டாம், கூந்தலும் மடித்த கைகளும் போதும். அதற்கு வண்ணம் தீட்டி, வார்னிஷ் பூசி முழுதாக மூடிவிடுங்கள். மூடாத புட்டியில் இருக்கும் காற்று ரெசினுக்குள் குமிழாக வரும். சிறு பிளாஸ்டிக் பெட்டியில் தெளிவான எபாக்சி ரெசினை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக ஊற்றுங்கள். இறுகும்போது அது சூடாகும். மொத்தமாக ஊற்றினால் மஞ்சளாகும், விரிசல் விடும். முதல் அடுக்கு கெட்டியானதும் உருவைப் படுக்கவைத்து அடுத்த அடுக்கு. ஏரிப் பனிக்கட்டி மேகம்போல் வெளுத்திருக்காது. பாஸ்டன் ஏரிகளின் பனிக்கட்டி தெளிவுக்காகவே விலைபோனது. அதனால் ரெசினில் வெள்ளை கலக்காதீர்கள், துளியிலும் துளியாக நீலம் மட்டும். விளிம்புகளை மட்டும் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்குங்கள்.

கட்டியை வைக்க ஐஸ் குச்சிகளால் ஒரு திறந்த பெட்டி. அதைச் சுற்றி மரத்தூள். தச்சுப் பட்டறைத் தூள் இந்த அளவுக்கு மிகப் பெரியது, டீ வடிகட்டியில் சலித்தெடுத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, நீர்த்த வெள்ளைப் பசையில் பிடிக்கவையுங்கள். பசை காய்ந்ததும் மேலே இன்னும் கொஞ்சம் உலர்ந்த தூள். வில்லனின் காலடியிலும் அதே தூள் சிந்தியிருக்கட்டும். அவன் கையை மனைவியின் பெட்டிமேல் வைப்பதா, பம்பின் பிடியில் வைப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் இடக்கையைப் பெட்டிமேலும் வலக்கையைப் பம்பிலும் வைப்பேன். இரண்டையும் விடமுடியாதவன்தான் அவன்.

பிறகு

முடித்த பொம்மையை நேர்வெயில் படும் ஜன்னலருகே வைக்காதீர்கள். ரெசின் மஞ்சளாகும், வினைல் இளகும், எடைமிக்க பீப்பாய் பின்னால் இழுக்க உடல் மெல்லச் சாய்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் ஒரே பிற்பகல் போதும். முற்றிலும் அடைத்த கண்ணாடிப் பெட்டியும் நல்லதல்ல, வினைலிலிருந்து வெளியேறும் சேர்மானம் போக வழியின்றி மேற்பரப்பு பிசுபிசுக்கும். சிறிது காற்றோட்டம் வேண்டும். இத்தனை சிறு பாகங்கள் ஒட்டிய பிறகு இது சிறுபிள்ளைகள் விளையாடும் பொருள் இல்லை.

பாதத்தின் அடியில் உங்கள் பெயர், ஆண்டு, எந்த பொம்மைமேல் செய்தது, என்ன வண்ணமும் வார்னிஷும் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள். பின்னாளில் பழுதுபார்ப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார், அது நீங்களாகவே இருக்கலாம். மிஸ்டர் ஃப்ரீஸ் டிசி நிறுவனத்தின் சொத்து. அலமாரிக்கும் நண்பர்களுக்கும் ஒன்றிரண்டு செய்வது வேறு, அச்சு எடுத்துப் பத்து, இருபது என்று வார்த்து விற்பது வேறு. இரண்டாவதில் இறங்க நினைத்தால் முதலில் உரிமைச் சட்டம் தெரிந்தவரிடம் பேசுங்கள். யாருக்காவது கொடுத்தாலும், இது கையால் மாற்றிச் செய்த பொம்மை, நிறுவனம் வெளியிட்டதல்ல என்பதைப் பெட்டிமேலேயே எழுதிக் கொடுங்கள்.